காரியை மலைக்கு ஓட்டிப்போனது

எடுத்த எடுப்பிலேயே என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். பிற்பாடு நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது எனக்கு மரியாதை. கொல்லிமலையில் திரும்பின பக்கமெல்லாம் ஊற்று. பாறை வியர்த்தால்கூட வாய் வைத்துக் குடிக்கலாம். அந்த மலைக்கு, அடிவாரத்துக் கிணற்றில் தண்ணீர் மொண்டு, சுரைக்குடுக்கையில் ஊற்றி, தோளில் மாட்டிக்கொண்டு ஏறியவன் நான். அது போதாதென்று, ஏற்றத்தில் பாதியைப் பின்பக்கமாக நடந்து ஏறினேன். மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏறினால் கால் வலிக்காது என்று பெரியப்பா மகன் சொல்லியிருந்தான். அவன் அதற்கு முன்னும் ஒரு மலை ஏறினவனில்லை, அதற்குப் பின்னும் ஏறவில்லை.

என் வயதுக்காரர்களே, உங்களிடம் சொல்வதற்கு எனக்குக் கூச்சமில்லை. நாமெல்லாம் இப்போது மாடிப்படிக்கே கைப்பிடி தேடுகிறவர்கள். ஆனாலும் நம் எல்லோருக்குள்ளும் ஒரு மலை கிடக்கிறது. எனக்குள் கிடக்கிற மலையில் ஒரு மாடும் நிற்கிறது.

சண்டைக் காலம் அது. பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்றுபோனதாகப் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். பர்மா எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அரிசி எங்கே இல்லையென்று மட்டும் தெரியும், எங்கள் அடுக்குப்பானையில். அந்த வருஷம் மழையும் ஏமாற்றிவிட்டது. மாசி முடிவதற்குள் காடு கரையெல்லாம் வெந்த செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. வைக்கோல் போர் இருந்த இடத்தில் ஒரு வட்டம் மட்டும் இருந்தது. மாடுகள் அந்த வட்டத்தை முகர்ந்து பார்த்துவிட்டு எங்களைப் பார்க்கும். மனிதனுக்குப் பசித்தால் வாய்விட்டுச் சொல்வான், சண்டை போடுவான். மாடு பார்ப்பதோடு சரி.

அப்பா உழவு மாடுகளை விற்றார். மிஞ்சியது காரி. கருகருவென்று, நெற்றியில் விரல் நுனி அளவுக்கு ஒரு வெள்ளை. அம்மாவுக்குக் கல்யாணச் சீராக எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஓட்டிவிட்ட மாட்டின் வயிற்றில் பிறந்தவள். அப்போது அவள் சினையாக வேறு இருந்தாள். அம்மா காரியிடம் பேசுவாள். அதில் அதிசயமில்லை, எல்லா அம்மாக்களும் மாட்டிடம் பேசுவார்கள். எங்கள் அம்மா காரியிடம் மட்டும்தான் பேசுவாள் என்று ஆகிவிட்டிருந்தது. அதற்குக் காரணம் என் அண்ணன்.

அண்ணன் முந்தின ஆடிப் பதினெட்டுக்கு ஊர்ச்சனத்தோடு மலைக்கோயிலுக்குப் போய், ஆற்றில் குளித்து, குடித்து, இரண்டு கையிலும் அன்னாசிப்பழத்தோடு சிரித்துக்கொண்டு இறங்கி வந்தான். கொஞ்ச நாளில் குளிர் எடுத்தது. வெயிலில் படுக்கவைத்து, வீட்டிலுள்ள துணியெல்லாம் போர்த்தியும் பல் தந்தியடித்தது. ஆவணி பிறந்தபோது அவன் இல்லை. மலைத்தண்ணீர் குடித்தால் மலைக்காய்ச்சல் என்பது அடிவாரத்தில் யாரும் சந்தேகப்படாத சங்கதி. கொசுவைப் பற்றி எங்களுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. கடித்தது கொசு, பழி சுமந்தது தண்ணீர்.

இந்த நிலையில்தான் மலைக்காரர் பேச்சை எடுத்தார். அவர் கொல்லிமலைமேல் இருக்கிற வாழவந்தி நாட்டுக்காரர். சந்தைக்கு மிளகும் வாழைத்தாரும் சுமந்து இறங்கி வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான் சுமை இறக்குவார். இறக்கியதும் அம்மா ஒரு சொம்பு மோர் கொடுப்பாள். மூச்சு விடாமல் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டு, "காரி மோருங்களா?" என்பார். வேறு யார் மோர் இருக்கப்போகிறது? ஆனாலும் ஒவ்வொரு முறையும் கேட்பார். அம்மாவும் ஒவ்வொரு முறையும், "பின்னே, உங்கூட்டுக் கொரங்கு மோரா?" என்பாள். அவர் தோள் குலுங்கச் சிரிப்பார். அண்ணன் போனபிறகு அம்மா அப்படிச் சொல்வதில்லை. அவரும் கேட்பதில்லை. சொம்பு மட்டும் கைமாறும். பிறகு மோரும் நின்றுபோயிற்று.

ஒரு சந்தை நாளில் அவர் காரியின் விலா எலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்.

"ஏனுங்க, இதைப் போயி இங்க கட்டிப்போட்டு வெச்சுருக்கறீங்களே. எங்கூட்டுப் பட்டிக்கு ஏத்தி உடுங்க. பள்ளத்துல புல்லு மொழங்கால் ஒசரம் கெடக்குது. கன்னுப் போட்டு, மழை பேஞ்ச பொறவு வந்து ரெண்டையும் ஓட்டிக்கிட்டுப் போங்க."

"கூலி?" என்றார் அப்பா.

"ஏன், நான் குடிச்ச மோருக்கு நீங்க கூலி கேட்டீங்களா?"

அப்பா தலையை ஆட்டினார். அவர் பேச்சில் சிக்கனக்காரர். சந்தோஷம் வந்தால் தலையை மேலும் கீழும் ஆட்டுவார், துக்கம் வந்தால் பக்கவாட்டில். மற்ற நேரங்களில் துண்டை உதறித் தோளில் போடுவார். இவ்வளவுதான் அவர் பாஷை. வீட்டிலுள்ள பேச்சையெல்லாம் நான் ஒருவனே பேசித் தீர்த்தேன்.

காரி என்னோடு நடப்பாள், வேறு ஆள் பிடித்தால் கால் ஊன்றி நின்றுகொள்வாள். எங்கள் குடும்பத்தில் என் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்த ஒரே ஜீவன் அவள். ஆகவே நானும் மலை ஏற வேண்டியதாயிற்று. அதைக் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள்.

"பையன் போகக்கூடாதுங்க."

"அவனில்லாட்டி மாடு நகராதே."

 அம்மா உள்ளே போய், பரணிலிருந்த சுரைக்குடுக்கையை இறக்கிக் கழுவி, கிணற்றுத் தண்ணீர் நிரப்பி, என் தோளில் மாட்டினாள். அப்பாவின் வலது கையைப் பிடித்து என் தலைமேல் வைத்தாள்.

"அந்த மலைத் தண்ணி ஒரு சொட்டு, உங்க வாயிலயும் படக்கூடாது, இவன் வாயிலயும் படக்கூடாது. சொல்லுங்க."

"சரி புள்ள."

"சரின்னாப் பத்தாது. சத்தியமுன்னு சொல்லுங்க."

"சத்தியம்."

அப்பாவின் கை கனமாக இருந்தது. எனக்கோ கூச்சம் எடுத்து நெளிந்தேன். இன்னும் கொஞ்சம் அழுத்தியிருந்தால் நான் இவ்வளவு உயரம்கூட வளர்ந்திருக்க மாட்டேன்.

விடிகிற நேரத்துக்கு அடிவாரத்தை விட்டு ஏறத் தொடங்கினோம். இப்போது அந்த மலைக்கு ரோடு இருக்கிறது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸுக்குள் யாராவது ஒருவர் வாந்தியெடுப்பார். அன்றைக்கு ஒற்றையடிப் பாதை, உருட்டுக்கல், வேர்ப்படி. முன்னால் அப்பா, நடுவில் காரி, பின்னால் நான். கொஞ்ச தூரத்தில் ஊர்ச் சத்தம் அறுந்துபோனது. நாய் குரைப்பு போனது, கிணற்றில் மாடு கட்டி இறைக்கிற கவலையின் கிறீச் போனது, பிறகு என் சத்தத்தைத் தவிர ஒன்றுமே இல்லை. அந்த அமைதியை நான் என் கடமையாக நினைத்துக் கலைத்துக்கொண்டே வந்தேன்.

"அப்பா, இந்த மலையை யாருங்கப்பா இங்க கொண்டாந்து வெச்சாங்க?"

அப்பா ஒரு உருட்டுக்கல்லைக் காலால் ஓரம் தள்ளினார்.

"அப்பா, மேல போனா வானம் தலையில இடிக்குமுங்களா?"

துண்டை உதறினார்.

"அப்பா, காது ரெண்டும் அடைச்சுக்கிச்சுங்க. நீங்க பேசறது கேக்கலீங்க."

"நான் பேசவே இல்லடா."

அன்றைக்கு ஏற்றத்தில் அவர் பேசிய முழு வாக்கியம் அது ஒன்றுதான். அப்போதுதான் நான் மலைக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு பெரியப்பா மகனின் வித்தையைச் செய்துபார்த்தேன். கீழே எங்கள் நாடு முழுவதும் காய்ந்த அப்பளம் மாதிரி கிடந்தது. அதில் எங்கள் வீடு எதுவென்று தேடிக்கொண்டே பின்னால் நடந்து, ஈஞ்சம் புதரில் உட்கார்ந்தேன். அந்த முள்ளைப் பற்றி இதற்குமேல் சொல்வது மரியாதையாக இருக்காது.

பாதி மலைக்குமேல் காற்றே வேறாகிவிட்டது. மூங்கில் ஒன்றோடொன்று உரசி முனகியது. மிதித்த புல்லில் எலுமிச்சை மணத்தது. பாறையிடுக்கில் தண்ணீர் கசிந்து, பாசி மேல் வழிந்து, பாதையைக் குறுக்கே தாண்டி எங்கோ ஓடியது. நான் குடுக்கையைச் சாய்த்து எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தேன். வெதுவெதுவென்று சுரைக்காய் நாற்றத்தோடு இறங்கியது. கண் மட்டும் பாசியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மேலே ஒரு கணவாயில் கற்குவியல் இருந்தது. போகிறவர் வருகிறவர் எல்லோரும் ஒரு கொத்துத் தழை ஒடித்து அதன்மேல் போட்டுவிட்டுத்தான் நகர வேண்டும், வழிச்சாமி அது. அப்பா ஒரு கொத்துப் போட்டுக் கும்பிட்டார். நான் சாமியிடம் நல்ல பெயர் வாங்குவதற்காக ஒரு கிளையையே ஒடித்துப் போட்டேன். காரி நின்று நிதானமாக என் கிளையைத் தின்றாள். பிறகு அப்பாவின் கொத்தைத் தின்றாள். பிறகு முன்னால் போன யார் யாரோ போட்ட வாடல் தழையையும் தின்ன ஆரம்பித்தாள். அப்பா கயிற்றை இழுத்தார். முகத்தில் பயம். ஆனால் காரியின் வாயைப் பார்த்ததும் அந்தப் பயம் இளகிப்போய், மீசைக்குள் சிரித்துவிட்டார். அண்ணன் போனபிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் மலைக்காரர் வீட்டை அடைந்தோம். புல் வேய்ந்த வீடு. சுற்றிலும் பலா மரங்கள். பழுத்து வெடித்த பலாவின் வாசம் முகத்தில் வந்து மோதியது. வீட்டுக்குப் பின்னால் சரிவில் மூங்கில் படல் போட்ட மாட்டுப்பட்டி, அதற்கும் கீழே பள்ளத்தில் அவர் சொன்னமாதிரியே முழங்கால் உயரம் புல். காரி அதைப் பார்த்துவிட்டு ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், அவள் கத்தி எத்தனையோ மாதமாகியிருந்தது.

மலைக்காரர் ஓடி வந்தார். "வாங்க, வாங்க! சாமி, நீயும் வந்துட்டியா! இந்தாளு, யாரு வந்துருக்கறாங்கன்னு பாரு!" என்று வீட்டுக்காரியைக் கூப்பிட்டார். அந்தம்மா காரியின் நெற்றி வெள்ளையைத் தொட்டுப் பார்த்து, "இதானா அந்த மோருக்காரி?" என்று சிரித்தாள். பட்டியில் புது முளை அடித்து வைத்திருந்தார்கள். முளைக்கு மஞ்சள் பூசியிருந்தது. நாங்கள் பாய்மேல் உட்கார்ந்ததும் அந்தம்மா ஒரு மண்பானையைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். பக்கத்தில் புளி போட்டுத் துலக்கிய சொம்புகள்.

"எங்க வழமை இதுங்க," என்றார் மலைக்காரர். "மாடு குடுக்கறவங்களும் வாங்கறவங்களும் ஒரே பானையில தண்ணி குடிக்கோணும். பொறவுதான் மொளையில கட்டறது."

அந்தம்மா மொண்டு அப்பாவிடம் நீட்டினாள். எனக்கும் ஒன்று நீட்டினாள். சொம்பின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது.

அப்பா கை நீட்டவில்லை. "இப்பத்தானுங்க குடிச்சோம். தாகமில்லீங்க."

"தாகத்துக்கு இல்லீங்களே," என்றார் மலைக்காரர்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். நான் கையை நீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். விடவில்லை.

மலைக்காரர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவர் கண் என் தோளில் தொங்கிய குடுக்கைக்கு வந்து அங்கேயே நின்றது. அவர் முகம் மாறியதை இன்றைக்கும் என்னால் வரைந்து காட்ட முடியும். கோபம் என்று சொல்ல முடியாது. கூட்டத்தில் கூப்பிட்டு அவமானப்படுத்தப்பட்டவரின் முகம்.

"நாங்களும் மண்ணைக் கொத்தித் திங்கற வெள்ளாமைக்காரங்கதானுங்க," என்றார் மெதுவாக. "உங்கூட்டுல எத்தனை சொம்பு மோர் வாங்கிக் குடிச்சிருப்பேன். சொம்பை ஒரு நாளாச்சும் மோந்து பார்த்தேனுங்களா?"

அப்பாவின் உதடு அசைந்தது. ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். உங்கள் தண்ணீர் குடித்துத்தான் என் மூத்த பையன் செத்தான் என்று, அவர் வீட்டில், அவர் பாயில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது? உதடு அசைந்ததோடு சரி.

"பட்டியில எடமில்லீங்க," என்றார் மலைக்காரர். பட்டி எங்கள் கண்ணெதிரே பாதிக்குமேல் காலியாகக் கிடந்தது.

அந்தம்மாதான் பொறுக்கமாட்டாமல், "வாயில்லாச் சீவன் என்ன பண்ணுச்சு? வவுறு நெறையத் தின்னுட்டாச்சும் போவட்டும்," என்று காரியைப் பள்ளத்துக்கு ஓட்டிக்கொண்டு போனாள். காரி தின்றாள். கல்தொட்டியில் வாயை வைத்து, கழுத்தில் நரம்பு புடைக்கப் புடைக்க, மலைத் தண்ணீரை உறிஞ்சிக் குடித்தாள். எங்கள் மூவரில் சத்தியத்துக்குக் கட்டுப்படாதவள் அவள் ஒருத்திதான்.

கிளம்பும்போது நான் அழுதேன். சாமியின் தழையைக் காரி தின்றதால்தான் இப்படி ஆயிற்றென்று என் முடிவு. அப்பாவிடமும் சொன்னேன். அவர் தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார்.

ஏறும்போது தானாக நடந்த காரி இறங்க மறுத்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பின்னால் பார்த்தாள். நான் அவள் காதில் என்னென்னவோ கதை சொல்லி, பாட்டுப் பாடி, கடைசியில் முன்னால் போய்க் குட்டிக்கரணமெல்லாம் போட்டுக் கூட்டிவந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த கோமாளித்தனங்களிலேயே யாரும் சிரிக்காதது அதுதான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்தோம். அம்மா வாசலில் நின்றிருந்தாள். முதலில் என் கழுத்தில் கைவைத்துச் சூடு பார்த்தாள். பிறகுதான் கயிற்றைப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஓட்டியாந்துட்டீங்க?"

"பட்டியில எடமில்லையாம்."

"அந்தாளே வாய்விட்டுக் கேட்டானே!"

"எடமில்லைன்னுட்டான் புள்ள."

"அம்மா, அங்க..." என்று நான் ஆரம்பித்தேன். அப்பாவின் கை மறுபடியும் என் தலைமேல் வந்து உட்கார்ந்தது. காலையில் இருந்ததைவிட அதிகக் கனம். நான் நிறுத்திக்கொண்டேன். தான் சரியாக நடந்துகொள்ளாததை மறைக்கிறார் என்று நினைத்தேன்.

அதன்பிறகு அப்பா மாட்டுக்கொட்டகைக் கூரையைப் பிரித்தார். பழைய பனையோலையை ஊறவைத்து, கீறிக் கீறிக் காரிக்குப் போட்டார். கொட்டகைக் கூரை முடிந்ததும் வீட்டுக் கூரையில் கைவைத்தார். இராத்திரி படுத்தால் நட்சத்திரம் தெரிந்தது. ஒரு காலையில் காரி எழுந்திருக்கவில்லை. வயிற்றில் கன்றோடு போய்விட்டாள். மழை பிறகு வந்தது. எவ்வளவு பிந்தி என்று எங்கள் வீட்டில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

மலைக்காரர் அதன்பிறகு எங்கள் வீட்டில் சுமை இறக்கவில்லை. சந்தையில் எதிர்ப்பட்டால் அம்மா காது கேட்கவே திட்டுவாள். "ஆசை காட்டி மோசம் பண்ணின பாவி! உன் பட்டி பாழாப் போக!" அவர் தலைகுனிந்து போவார். ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. அம்மா அதன்பிறகு மலைவாழை வாங்கியதில்லை, பலாச்சுளையைத் தொட்டதில்லை. சாகிற வரைக்கும் அவளுக்கு உலகத்தில் ஒரே அயோக்கியன் அவர்தான். எனக்கு மட்டும் உள்ளுக்குள் அப்பாமேல் ஒரு இளக்காரம் இருந்துகொண்டே இருந்தது. தன் மேல் வந்திருக்க வேண்டிய திட்டை இன்னொரு மனிதன் சுமக்கட்டும் என்று விட்டுவிட்டாரே என்று.

நான் வளர்ந்து, கல்யாண வீடுகளில் நாலு பேரைச் சிரிக்கவைக்கிறவன் என்று பெயர் எடுத்தேன். அம்மா இருந்தவரைக்கும் மலைக்கதையை நான் எடுத்ததில்லை. அவள் போய் ஒரு வருஷம் ஆனபிறகு, என் மச்சான் கல்யாணத்தில், பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் ஆரம்பித்தேன். ஊற்றுக்கு நடுவே சுரைக்குடுக்கை, ஈஞ்சம் புதர், சாமி தழையைத் தின்ற மாடு என்று ஒன்றுவிடாமல் நடித்துக்காட்டினேன். அப்பாவைப்போலவே துண்டை உதறித் தோளில் போட்டு, முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "தாகமில்லீங்க" என்றேன். பந்தலே அதிர்ந்தது. அப்பா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடியிலிருந்த வெற்றிலையின் நரம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வண்டிப் பாதையில் இரண்டு பேருமாக வீட்டுக்கு நடந்தோம். கைத்தட்டல் தந்த தைரியமா, வயது தந்த திமிரா, தெரியவில்லை. இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டுவிட்டேன்.

"ஏனுங்கப்பா, அன்னைக்கு அந்தச் சத்தியத்துக்காக நாம தண்ணி வாங்கிக் குடிக்காததுனாலதான் அவரு மாட்டைக் கட்டலைன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க? எதுக்கு மறைச்சீங்க?"

அப்பா நடையை நிறுத்தவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"மாடு போனது பத்தாதா அவளுக்கு?"